என் தோல்வியும் உமது இரும்புக் குதிரையும்

தேனி,
14–3–1948, ஞாயிற்றுக்கிழமை,
காலை 6.40 மணி.

மடல் எண்: 5
பொருள்: 7–8–1936 வெள்ளிக்கிழமை மாலை நான் உம்மிடம் சதுரங்கத்தில் தோற்றது, அதை இல்லையென்பாருக்கு என் ஆட்சேபம்.

நண்பரே,

இரும்புத் துருவும் ஆமணக்கெண்ணெயும் கலந்த வாடை இந்த அறையில் நிற்கிறது. வெளியே பால்காரர் வந்து போனார். அடுப்படியில் காப்பி கொதிக்கிறது. ஆனாலும் இந்த வாடைதான் மேலோங்குகிறது. நேற்று மாலை வாசகசாலையிலிருந்து பழைய சதுரங்கப் பெட்டியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். மதுரையிலிருந்து புதுக் காய்கள் வாங்கிவிட்டார்களாம். பழையது எனக்கு அன்பளிப்பாம். மூடியைத் திறந்தேன். வெளியே வந்தது உமது இரும்புக்கடை.

கறுப்புக் குதிரை ஒன்றுதான் மரத்தில் இருக்கிறது. மற்றது இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்குப் போடும் பெரிய இரும்பு நட்டு. மரக்குதிரை எப்போது தொலைந்தது என்பது என் நினைவில் இல்லை. இது ஒன்றைத்தான் தேதியில்லாமல் எழுதுகிறேன். தொலைந்த மறுநாளே உமது கடையிலிருந்து இந்த நட்டை எடுத்துவந்து கட்டத்தில் வைத்தீர். “குதிரைக்கு மூஞ்சி எதுக்கு ரைட்டரே? கால் இருந்தாப் போதும்” என்றீர். நட்டுக்குக் காலும் இல்லை என்று நான் சுட்டிக்காட்டினேன். நீர் சிரித்தீர்.

நேரில் உம்மை ‘நீங்க’ என்று அழைத்தவன், மடலில் ‘நீர்’ என்று எழுதுகிறேன். பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தனாக இருந்தவனுக்கு மை தொட்டால் இப்படித்தான் வருகிறது. “நீங்க எழுதினா சொத்தைக் கிரயம் பண்ணுற மாதிரியே இருக்கு” என்று நீர் கேலி செய்ததை மறக்கவில்லை. இன்று எழுதுவதும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே. எனக்குச் சொந்தமான ஒன்றை அபகரிக்கப் பார்க்கிறார்கள்.

பெட்டியோடு ஒரு தாளும் வந்தது. வாசகசாலைச் சுவரில் என் பெயருக்கு ஒரு பலகை மாட்டப் போகிறார்கள். அதில் எழுதவிருக்கும் வாசகத்துக்கு என் சம்மதம் வேண்டுமாம். ‘ஆங்கில முறைச் சதுரங்கத்தை இவ்வூருக்குக் கொணர்ந்தவர், இம்மேசையில் தோல்வியறியாதவர்.’ முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். என் பெயருக்குக் கீழே ஒரு பொய்யை ஆணி அடித்துத் தொங்கவிடச் சம்மதம் கேட்கிறார்கள்.

வெறும் புகழ்ச்சி என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். விஷயம் அதோடு முடியவில்லை. நேற்று இருட்டுவதற்கு முன் குச்சனூர் வண்டிக்காரர் வந்தார். உமக்குத் தெரிந்தவர்தான், நெல் மூட்டையை இறக்கிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நம் மேசைக்கு வந்து நிற்பாரே, அவரேதான். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“ரைட்டரய்யா, சங்கதி தெரியுமா? வாசகசாலையில இனிமே நம்ம ஆட்டம் ஆடக் கூடாதாம். பேசவும் கூடாதாம். நோட்டீசு ஒட்டிட்டாக.”

“யார் ஒட்டினது?”

“புதுசா வந்திருக்காகளே, செக்ரட்டரித் தம்பி. சுதந்திரம் வந்துருச்சுங்கிறாக. வந்த மொத வேலையா வாயை மூடுங்கிறாக. இது என்ன கணக்குய்யா?”

அந்தக் கணக்கு என்னுடையது என்பதை அவர் அறிவார், அறிந்தும் சொல்லவில்லை. அந்த அறிவிப்பின் வாசகம் எழுத்துக்கு எழுத்து நான் 1936-இல் எழுதியதே. ‘ஆட்டத்தின்போது பேசுதல் கூடாது. நாட்டு முறை ஆட்டம் இம்மேசையில் கூடாது.’ அன்று வாசகசாலையின் செயலாளன் நான்.

உம்முடைய கடைவீதி ஆட்டத்தை அன்று நான் ஆட்டமாகவே மதிக்கவில்லை. கறுப்பு வெள்ளை இல்லாமல் வெறும் கோடு போட்ட துணி. ஆடுகிறவர் இருவர், சுற்றி நின்று கூவுகிறவர் பதின்மர். “யானையை ஏத்து! ஏலே, சிப்பாயைத் தொடாதே!” என்று ஆளுக்கொரு திசையில் இழுப்பார்கள். அது பத்துப் பேர் ஆடும் ஆட்டம். அதில் இருவருக்கு மட்டும் நாற்காலி. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ராஜா! ‘செக்’ வாங்காதவரை ஆட்டத்தில் ஒரே ஒரு முறை அவர் குதிரையைப் போலத் தாவலாம் என்பது உங்கள் முறை. முடிசூடிய ஒருவர் வேலி தாண்டி ஓடுவதா என்று எனக்கு ஆத்திரம்.

நான் அறிவிப்பை ஒட்டிய மறுநாள் நீர் வந்து, அதன் முன் நின்று, வேதபாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தீர்.

“பேசக் கூடாதுன்னு போட்டிருக்கீக. சரி. இருமலாமா?”

கடைவீதியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விதியில்லாத ஆட்டத்துக்கு வாசகசாலையில் இடமில்லை என்றேன். உமது முகம் அப்போதுதான் மாறியது.

“விதியா? ஒங்க விதியிலேயே ஆடுவம். ஒரே ஆட்டம். நான் தோத்தா நாங்க யாரும் இந்தப் பக்கம் வரல. செயிச்சா அந்தத் தாள நான் கிழிச்சிருவேன். சம்மதமா?”

சம்மதித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொன்னேன்; அன்று வேதக்கோயில் உண்டு, ஆட மாட்டேன் என்று நீர் மறுத்தீர். வெள்ளி மாலை என்று முடிவாயிற்று.

அன்று அறைக்குள் இருந்த வாசகசாலைக்காரர்கள் அமைதி காத்தார்கள். ஆனால் அறிவிப்புக்குச் சன்னலுக்கு வெளியே அதிகாரம் இல்லை என்று உம்மவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அத்தனை பேரும் தெருவில் நின்று கம்பிகளுக்கிடையே முகத்தைப் பதித்திருந்தார்கள். சன்னலை மூடச் சொன்னேன். “மூடுங்க. புழுக்கத்துல ஒங்க மந்திரிதான் மொதல்ல மயங்குவாரு” என்றீர். திறந்தே இருக்கட்டும் என்று விட்டேன்.

நண்பரே, அந்த ஆட்டத்தை இன்றும் காய் காயாக அடுக்கிக் காட்ட என்னால் முடியும். என் பலம் கோணலாக ஓடும் இரண்டு மந்திரிகள். புத்தகங்களில் நான் கற்றது அதுதான்; தொலைவிலிருந்து தாக்கு, வழியைத் திறந்து வை. நீரோ வழியை அடைத்துக்கொண்டே போனீர். உமது சிப்பாய்களை என் சிப்பாய்களோடு முட்டுக்கு முட்டு நிறுத்தினீர். சந்தை நாளில் மாட்டுவண்டிகள் கொம்போடு கொம்பு மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்குமே, அப்படி. விவரம் தெரியாத மனிதர், ஆட்டத்தை இறுக்கிவிட்டார் என்று எண்ணினேன். அடைபட்ட தெருவில் மந்திரியால் ஓட முடியாது, குதிரையோ தலைக்கு மேல் தாண்டும் என்பது என் புத்தி எட்டாத இடத்தில் இருந்தது.

இருந்தும் ஆட்டத்தின் நடுவில் என் கை ஓங்கியது. கறுப்புக் கட்டங்களில் ஓடும் என் மந்திரி உமது மூலை யானையைக் குறிவைத்தது. என் ராணி உமது ராஜாவை நெருங்கினாள். நீர் மீசையைத் தடவினீர். பிறகு ராஜாவைத் தூக்கி, குதிரையைப் போலத் தாவி, பத்திரமான ஒரு கட்டத்தில் வைத்தீர்.

ஆங்கில முறையில் ராஜாவுக்குத் தாவல் கிடையாது.

“தொட்ட காய் நகர்ந்தாகணும். விதிப்படி ஒரே கட்டம்” என்றேன். என் குரலில் இருந்த மகிழ்ச்சியை மறைத்ததாக நினைவில்லை.

வண்டிக்காரர் வெளியிலிருந்து கத்தினார். “அது எப்படிங்க? நம்ம ஊர்ல தாவலாம்ல!”

“சும்மா இருய்யா. அவுக விதியில ஆடுறேன்னு வாக்குக் குடுத்துருக்கேன்” என்று அவரை அடக்கிவிட்டு, தாவிய ராஜாவைத் திரும்ப எடுத்து, மூலைப் பக்கமாக ஒரே கட்டம் வைத்தீர். என் மந்திரி பாய்ந்து உமது யானையைத் தின்றது. உமது ராஜா என் மந்திரியைத் தின்றார். மந்திரி போனாலும் யானை வந்தது, எனக்கு லாபம். உள்ளூரப் பலகாரம் சாப்பிட்டது போல இருந்தது.

அந்த லாபத்தில்தான் நான் அழிந்தேன். கறுப்புக் கட்டங்களைக் காக்க எனக்கு இருந்த ஒரே மந்திரி அதுதான். மிஞ்சியது வெள்ளையில் மட்டும் ஓடுவது. அடுத்த நகர்த்தலிலேயே இந்த இரும்பு நட்டைத் தூக்கி, என் பக்கத்துக்குள், நடுவில் ஒரு கறுப்புக் கட்டத்தில் ‘டொக்’ என்று வைத்தீர். அதன் பின்னால் உமது சிப்பாய் காவல். இருபுறமும் என் சிப்பாய்கள் அந்தக் கட்டத்தை ஏற்கெனவே கடந்து போயிருந்தன. அவற்றால் திரும்பி வர முடியாது. வெள்ளை மந்திரியால் அதைத் தொடவே முடியாது. யானையைக் கொடுத்து அந்த நட்டை வாங்கியிருக்கலாம். யானையைக் கொடுத்து எஞ்சின் நட்டை வாங்குவதா என்று மனம் ஒப்பவில்லை.

மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டு வழி, நடுவில் நிற்பதற்கு எட்டு என்று எல்லாருக்கும் தெரியும். எட்டு வழியும் நம் வீட்டுக்குள்ளேயே திறந்தால் என்ன ஆகும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் யானைகள் இரண்டுக்கும் நிற்க இடமில்லை. ராணி ஒதுங்கி ஒதுங்கிப் போனாள்.

பிறகு உமது மரக்குதிரை புறப்பட்டது; பின்னோக்கி! உமது சொந்த முதல் வரிசைக்கே திரும்பிப் போனது. “ஆத்தாடி, குதிரை வீட்டுக்குப் போகுதே! லாடம் கழண்டுருச்சா?” என்று சன்னலில் ஒருவர் கேட்டார். நீர் தலை தூக்கவில்லை. வீட்டுக்குப் போனது, மறுபக்கமாகச் சுற்றி, அவசரமே இல்லாமல் வந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது, ஆனால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நடுவில் பூட்டு விழுந்திருந்ததால் அதன் பயணத்துக்கு வேண்டிய நேரம் உம்மிடம் இருந்தது. அதை விரட்ட என் யானையை நகர்த்தினேன். அந்த யானை காத்துக்கொண்டிருந்த கட்டம் காலியாயிற்று. நட்டு அங்கே தாவி, என் ராஜாவுக்கு ‘செக்’ சொல்லி, அதே தாவலில் ராணியையும் பிடித்தது.

ராஜாவைப் படுக்க வைத்தேன். தேதியும் கிழமையும் மேலே பொருளில் குறித்திருக்கிறேன். நான் தோற்றேன்.

நீர் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. எழுந்து போய் அறிவிப்பைச் சுவரிலிருந்து உரித்து, நெடுக இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினீர். “இது ஒங்களுக்கு. நாளைக்கி மறுபடி ஒட்டணும்னு தோணுச்சுன்னா, மத்த பாதிக்கு எங்கிட்டல்ல வந்து நிக்கணும்!” அதன்பின் எழுந்த இரைச்சலில் வாசகசாலை ஓடுகள் விழாமல் இருந்தது வியப்பு.

அந்த இரைச்சல் பிறகு நின்றதே இல்லை. ஒரு மூலையில் உங்கள் துணிக்கட்டம், மேசையில் என் பலகை. வெள்ளிதோறும் நாம் இருவரும் ஆடினோம். ஒரு வாரம் உம் முறை, மறு வாரம் என் முறை. என் குதிரைகளை நான் அங்குமிங்கும் துரத்தும்போதெல்லாம் ஒரே வார்த்தை சொல்வீர். “ரைட்டரே, குதிரை ஓடுறதுக்கு இல்ல, நிக்கிறதுக்கு. எங்கன நின்னா யாரும் வெரட்ட முடியாதுன்னு மொதல்ல பாருங்க. அப்பறம் அங்கன போற வழியத் தேடுங்க.” நான் படித்த எந்தப் பக்கத்திலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

இப்போது அந்தப் புதிய செயலாளரின் வாதத்தைக் கேளும். பட்டம் படித்த பிள்ளை, கெட்டவர் அல்லர். நேற்று இரவு உணவுக்கு முன் அவர் வீட்டுக்கே போனேன்.

“ஐயா, நீங்க தோத்ததாச் சொல்ற அந்த ஆட்டம் செல்லாதுங்க. அவுக ராஜாவைத் தப்பாத் தாவ விட்டாக. அங்கனயே ஆட்டம் முடிஞ்சது. ஆக, நீங்க தோக்கவே இல்ல. அந்த நோட்டீசைக் கிழிச்சதும் செல்லாது. நான் புதுசா ஒண்ணும் ஒட்டல. ஒங்க நோட்டீசைத்தான் திரும்ப ஒட்டியிருக்கேன்.”

“தம்பி, தொட்ட காய் நகரணும்ங்கிறதுதான் அன்னிக்குப் பேசின விதி. அவர் நகர்த்தினார். யானையை எழந்தார். தண்டனைய முழுசாக் கட்டிட்டு, அதுக்கப்பறம் என்னை அடிச்சார்.”

“பெருந்தன்மையாப் பேசுறீக.”

“பெருந்தன்மை இல்ல. கோபம். தோத்தவன் நான். தோத்தேன்னு நான் சொல்றேன். இல்லேன்னு சொல்ல நீங்க யாரு?”

அந்தத் தாவலைப் பற்றி 1943 நவம்பரில், உமது காய்ச்சல் இறங்காத கடைசி நாட்களில், கட்டிலருகே அமர்ந்து கேட்டேன். தெரிந்தே செய்ததா என்று. கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னீர். “கைப் பழக்கம் ரைட்டரே. எங்க அப்பா ஆடுன ஆட்டம்ல. கை தானாத் தாவிருச்சு. ஆனா ஒங்க மந்திரி திங்கிறதுக்கு ஓடுனாரு பாருங்க, அப்பத் தெரிஞ்சுபோச்சு, நட்டுக்கு எடம் கெடச்சுருச்சுன்னு.” சூழ்ச்சி என்று சொல்லிப் பெருமையடித்திருக்கலாம். பெருமையடிப்பதில் உமக்குக் குறைவே இருந்ததில்லை. அன்று உண்மையைச் சொன்னீர். ஆகவே உமது பிழையும் உண்மை, அதற்குப் பின் வந்த வெற்றியும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க நான் விட மாட்டேன்.

செயலாளரிடம் ஓர் ஆட்டம் கேட்டேன். சித்திரை முதல் நாள், பலகை மாட்டும் அன்றே, மாலை நான்கு மணிக்கு, எல்லாரும் பார்க்க, ஆங்கில முறையில், சன்னல் திறந்த நிலையில். நான் வென்றால் அந்த அறிவிப்பை அவர் கையாலேயே கிழிக்க வேண்டும். அவர் மிகவும் நன்றாக ஆடுகிறவர், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். “நான் செயிச்சா என்னங்கய்யா தருவீக?” என்று கேட்டார்.

“நீங்க செயிச்சா, அந்த மேசையில நான் தோத்தவன் ஆயிருவேன். ‘தோல்வியறியாதவர்’னு பலகை மாட்ட முடியாது. நான் தோக்கலேன்னு சொல்லித்தானே நோட்டீசை ஒட்டினீக?”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. வார்த்தை கொடுத்தாகிவிட்டது, தொட்ட காய். அவர் தோற்றால் அறிவிப்பு போகும், வென்றால் பலகை போகும். ராஜாவையும் ராணியையும் ஒரே தாவலில் பிடிக்க நான் யாரிடம் கற்றேன் என்பதை உமக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்கும் மேலே அவர் வேறு ஏதேனும் விதியைக் கண்டுபிடித்தால், வண்டிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: துணிக்கட்டத்தை வாசகசாலைச் சன்னலுக்கு வெளியே தெருவில் விரிப்போம். அங்கே எந்த அறிவிப்புக்கும் அதிகாரம் இல்லை. நானும் கூவுவேன். கூவிப் பழக்கமில்லை; பழகிக்கொள்வேன்.

வாழ்நாளில் நான் வென்ற ஆட்டங்கள் பல. எதுவும் நினைவில் நிற்கவில்லை. விரட்ட முடியாத இடத்தில் நின்றுகொண்டிருப்பது அந்த ஒரு தோல்விதான். அதை நான் யாருக்கும் தருவதாக இல்லை.

முந்தைய நான்கு மடல்களையும் போலவே இதையும் உம் மகனிடம் கடையில் கொடுத்துவிடுகிறேன். அவற்றை எங்கே வைக்கிறான் என்று நான் கேட்பதில்லை.

இவண்,
உம்மிடம் தோற்றவன்.

இணைப்புகள்:

1. பலகை வாசகத்தின் தாள். ‘தோல்வியறியாதவர்’ என்பது அடிக்கப்பட்டு, ‘7–8–1936 அன்று தோற்றவர்’ எனச் சிவப்பு மையில் திருத்தப்பட்டுள்ளது.

2. கிழிந்த அறிவிப்பில் என் பங்குப் பாதி. உமது பாதியோடு சேர்த்து வைக்கவும். ஒட்ட வேண்டும் என்று எனக்கு இனித் தோன்றாது.

3. இரும்பு நட்டு, ஒன்று. இணைக்கப்படவில்லை. சித்திரை முதல் நாள் மாலை நான்கு மணிக்கு எனக்குத் தேவைப்படுகிறது.